41 சதவீதத்தில் நின்ற காப்பி

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தித் தொகுத்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஏ.ஐ. கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. ரொம்ப சாதாரணமான ஒரு விஷயம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை சொருகுறீங்க, ஒரு பெரிய ஃபோல்டரை காப்பி போடுறீங்க, பச்சைக் கோடு கடகடன்னு ஓடுது. திடீர்னு ஒரு இடத்துல நின்னுடுது. எர்ரர் வரலை, முடியவும் இல்லை. மீதி நேரம் ஒரு தடவை 3 நிமிஷம்னு காட்டுது, அடுத்த தடவை 2 நாள்னு காட்டுது.

அப்ப நாம எல்லாரும் என்ன பண்ணுவோம்? கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடுவோம். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். நானும் அதைத்தான் பண்ணச் சொன்னேன். அதனால நடந்ததைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

எங்க சித்தப்பா ஓசூர் சிப்காட் ஃபேஸ் ஒன்னுல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். ரெண்டு வி.எம்.சி. மெஷின், ஒரு பழைய லேத், ஆறு பேர் வேலை. பெரிய கம்பெனிகளுக்கு நேரடியா இல்லை. அவங்களுக்கு சப்ளை பண்றவங்களுக்கு ஜாப் வொர்க். ஓசூர்ல இந்த மாதிரி ஷெட் சந்துக்குச் சந்து இருக்கும். லாரி, டூவீலர், வாட்ச் என்று பெரிய பெயர்கள்தான் வெளியே தெரியும். அந்த வண்டிகளுக்குள்ள போற பிராக்கெட்டும் புஷ்ஷும் இந்த மாதிரி சந்துகளில் இருந்துதான் போகும்.

அந்த ஆபீஸ் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 7, 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பில், டிராயிங், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், கூடவே மெஷினுக்கான புரோகிராம் எல்லாம் அதில்தான். கிட்டத்தட்ட 180 ஜி.பி. பத்து வருஷத்துக்கும் மேலான தொழில், ஒரே டப்பாவுக்குள்ள.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன் வருது.

"தம்பி, புதுசா ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டேன்டா. காப்பி 41 பர்சென்ட்ல நிக்குது. ஒரு மணி நேரமா அசையவே இல்லை."

நான் படுத்துக்கிட்டே பதில் சொன்னேன். "கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடுங்க சித்தப்பா."

அரை மணி நேரம் கழிச்சு மறுபடி போன். அதே 41. "கேபிளை மாத்துங்க." மறுபடி 41. "பின்னாடி போர்ட்ல சொருகுங்க." மறுபடி 41.

நாலாவது போன்ல அவர் சொன்னார்: "தம்பி, சி.பி.யு.வுக்குள்ள டிக் டிக்னு பல்லி கத்துற மாதிரி சத்தம் வருது. அது பரவாயில்லையா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். "சித்தப்பா, ஒண்ணும் தொடாதீங்க. ஷட் டவுன் மட்டும் பண்ணுங்க. நான் வர்றேன்."

நிற்கிறதில் மூணு விதம்

காப்பி நிற்பது ஒரே பிரச்சினை இல்லை. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூணு வேறு பிரச்சினைகள். எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது?

ஒண்ணு: ஆரம்பத்தில் பறக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு நத்தை மாதிரி ஊரும், ஆனா முழுசா நிற்காது. இது பெரும்பாலும் எழுதுகிற டிஸ்க்கின் குணம். பொறுமையா இருந்தா முடிஞ்சிடும்.

ரெண்டு: ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்தில் நிற்கும். நடுவில் டிஸ்க் கழன்று மாட்டுகிற 'டொடிங்' சத்தம் வரும். இது வழியில் இருக்கிற பிரச்சினை. கேபிள், போர்ட், பவர்.

மூணு: எத்தனை தடவை போட்டாலும் அதே இடம், அதே ஃபைல். இது பெரும்பாலும் மூலத்தில் இருக்கிற பிரச்சினை. அதாவது நீங்க எதிலிருந்து எடுக்குறீங்களோ, அந்த டிஸ்க்.

முதல் ரெண்டும் எரிச்சல். மூணாவது ஆபத்து. சித்தப்பா நாலு தடவையும் '41' என்று சொன்னார். மூணாவது வகை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறலை.

ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மேம்பாலம் முடியுற இடம்

ஓசூர்ல இருந்து பெங்களூர் போய் வேலை பார்க்குறவங்களுக்கு இது உடனே புரியும். சில்க் போர்டில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் அந்த மேம்பாலம், 2010-ல் திறந்தது, சுமார் 10 கிலோமீட்டர். மேலே ஏறினா சர்ருன்னு போயிடலாம். இறங்கின பிறகு? பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பியும் அப்படித்தான். நீங்க காப்பி போட்டதும் ஃபைல் நேரா ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிறதில்லை. முதலில் உங்க கம்ப்யூட்டரின் ரேமில் போய் உட்காரும். அது கேஷ். ரேம் வேகமானது, அதனால் பச்சைக் கோடு பறக்கும். கேஷ் நிரம்பியதும் உண்மையான டிஸ்க்கின் வேகம் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் பாலம் முடிகிற இடம்.

லினக்ஸ் பயன்படுத்துறவங்களுக்கு இது இன்னும் நல்லா தெரியும். எழுத வேண்டிய டேட்டா எவ்வளவு வரைக்கும் ரேமில் காத்திருக்கலாம் என்பதற்கு லினக்ஸில் ஒரு எல்லை உண்டு. ரொம்ப வருஷமா அது ரேமின் சதவீதக் கணக்கில், வழக்கமா 20 சதவீதம். ரேம் சின்னதா இருந்த காலத்துக்கு சரி. 16 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பில் அது சுமார் 3 ஜி.பி. ஒரு மட்டமான பென் டிரைவ் அதை எழுதி முடிக்க நிமிஷக் கணக்கில் ஆகும். 2013-ல் இதைப் பற்றி கெர்னல் டெவலப்பர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. ஒரு சாதாரண பென் டிரைவ் மொத்த சிஸ்டத்தையும் திணற வைக்குதே என்று.

அதனால் ஒரு பழக்கம். கோடு 100 தொட்டதும் பிடுங்காதீங்க. லினக்ஸில் டெர்மினலில் 'சிங்க்' என்று அடிச்சா, ரேமில் காத்திருப்பதெல்லாம் டிஸ்க்கில் இறங்கின பிறகுதான் அது திரும்பி வரும். விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு 'உடனே கழற்றலாம்' என்ற முறைதான் இயல்பா இருக்கு. இருந்தாலும் 'எஜெக்ட்' கொடுத்துட்டு எடுக்குறது நல்லது.

இதே வகையில் இன்னொரு ஆள் உண்டு. எஸ்.எம்.ஆர். டிஸ்க். நம்ம ஊர் ஓட்டு வீட்டை நினைச்சுக்கோங்க. ஒரு ஓடு மேல இன்னொரு ஓடு கொஞ்சம் ஏறி உட்காரும். இந்த டிஸ்க்கில் டேட்டா எழுதுகிற தடங்களும் அப்படி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். அதனால் அதே தட்டில் அதிக டேட்டா கொள்ளும், விலையும் குறையும். ஆனா நடுவில் ஒரு ஓட்டை மாத்தணும்னா? மேலே இருக்கிற வரிசையையும் எடுத்து மறுபடி அடுக்கணும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் ஏற்கனவே எழுதிய இடத்தில் மாற்றி எழுதும்போது இதுதான் நடக்கும். புது டிஸ்க்கில் தெரியாது. பாதி நிறைஞ்ச டிஸ்க்கில், பெரிய ஃபோல்டரை ஒரே மூச்சில் எழுதும்போதுதான் தெரியும்.

2020 ஏப்ரலில் இது உலக அளவில் பிரச்சினை ஆச்சு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகள், ஆபீஸ் சேமிப்புக்காக விற்பனையாகிறவை, அதில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்று வாங்கினவங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. ஒரு டிஸ்க் போய் புது டிஸ்க் போட்டு டேட்டாவை மறுபடி கட்டும்போது, புது டிஸ்க் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்து, செத்துடுச்சுன்னு சிஸ்டம் அதை வெளியே தள்ளியது. பயனாளர்கள்தான் முதலில் கண்டுபிடிச்சாங்க. அதன் பிறகு கம்பெனி பட்டியலை வெளியிட்டது. பிறகு பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளை ரெட் ப்ளஸ் என்று தனியாப் பிரிச்சது.

நமக்கு இதில் பாடம்: ஊர்ந்தாலும் நகருதுன்னா, விட்டுடுங்க. ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க.

சின்ன ஃபைல்களும் இதே கணக்குதான். 4 ஜி.பி. சினிமா ஒண்ணு சீக்கிரம் போயிடும். அதே 4 ஜி.பி. 40,000 சின்ன ஃபைலா இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் பெயர் பதியணும், இடம் ஒதுக்கணும், ஆன்டிவைரஸ் ஒரு தடவை மோந்து பார்க்கும். வேகம் விழுறது இயல்பு. மூல டிஸ்க் நல்லா இருக்குன்னா ஜிப் பண்ணி ஒரே ஃபைலா அனுப்பலாம்.

வழியில் இருக்கிற கோளாறு

இரண்டாவது வகைக்கு வருவோம். வேற வேற இடத்தில் நிற்குது, அல்லது டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வருது.

முதலில் கேபிள். நிறைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு அகலமான வாய் இருக்கும், ரெண்டு துண்டா. அது யூ.எஸ்.பி. 3. அதில் பாதியில் பழைய போன் சார்ஜர் கேபிளும் பொருந்தும்! டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனா யூ.எஸ்.பி. 2 வேகத்தில். நொடிக்கு 30, 40 எம்.பி.க்கு மேல் ஏறாது. 'எனக்கு மட்டும் ஏன் மெதுவா இருக்கு' என்று கேட்கிறவங்க முதலில் அந்த கேபிளைப் பாருங்க.

அடுத்து பவர். யூ.எஸ்.பி. 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். யூ.எஸ்.பி. 3 தருவது 900. சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கு, முக்கியமா சுழல ஆரம்பிக்கிற நேரத்தில், 500 பத்தாமல் போகலாம். பவர் இல்லாத யூ.எஸ்.பி. ஹப், சி.பி.யு.வின் முன்பக்க போர்ட், நீளமான மெல்லிசு கேபிள், இந்த மூணும் சேர்ந்தா டிஸ்க் நடுவில் மயங்கி விழும். டெஸ்க்டாப்பில் பின்பக்க போர்ட், குட்டைக் கேபிள், ஹப் வேண்டாம்.

ஓசூர் சிப்காட் மாதிரி இடத்தில் இன்னொண்ணு. பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ட்யூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், பார்த்திருப்பீங்க. யூ.பி.எஸ். பேட்டரி செத்துப்போன கம்ப்யூட்டரில் அந்த நேரம் காப்பி ஓடிக்கிட்டிருந்தா கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகலாம். ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அண்ணன்களுக்கு: பேக்கப்பை மெஷின் ஓடாத நேரத்தில் எடுங்க.

கடைசியா ஃபார்மேட். டிஸ்க் ஃபேட்32-ல் இருந்தா ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது. இடம் இருந்தாலும் ஏத்துக்காது. கல்யாண வீடியோ எடுக்கிறவங்க இதில் அடிக்கடி மாட்டுவாங்க. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ்.ஸில் இருந்தா இந்தப் பிரச்சினை இல்லை. ஃபார்மேட் மாத்தினா உள்ளே இருக்கிறது போயிடும், ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒரே இடத்தில் நின்றால், நிறுத்துங்க

இப்ப சித்தப்பா கதைக்கு வருவோம். நான் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூணு மணி. ஷட்டர் பாதி இறக்கி, கூலன்ட் வாசனையோட ரூம் அமைதியா இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு செக்டரைப் படிக்க முடியலைன்னா, டிஸ்க் உடனே 'முடியலை' என்று சொல்லாது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். தலையைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி படிச்சு, மறுபடி நகர்த்தி. அந்த டிக் டிக் சத்தம் அதுவாக இருக்கலாம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரே செக்டரில் இப்படிப் பல நொடிகள் போராடும். அது தோத்த பிறகு விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். வெளியே நமக்குத் தெரிவது நின்னுபோன ஒரு பச்சைக் கோடு. உள்ளே ஒரு கிழட்டு டிஸ்க் மூச்சு வாங்கிக்கிட்டிருக்கு.

இதைப் பார்க்க ஒரு எளிய வழி. டாஸ்க் மேனேஜரிலோ, ரிசோர்ஸ் மானிட்டரிலோ டிஸ்க் பகுதியைப் பாருங்க. எந்த டிஸ்க் 100 சதவீதம் பிஸியா இருந்துக்கிட்டு, வேகம் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுதோ, அதுதான் சந்தேகத்துக்குரிய ஆள். நின்றுபோன காப்பிக்கு, எழுதுகிற டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன்னால் படிக்கிற டிஸ்க்கைப் பாருங்க.

இன்னொண்ணு, ஸ்மார்ட். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே வச்சிருக்கிற மருத்துவ ரிப்போர்ட். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். மூணு வரி போதும். 05 என்பது மாற்றி வைக்கப்பட்ட செக்டர். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர். சி6 என்பது கைவிட்ட செக்டர். இந்த மூணும் பூஜ்யமா இருக்கணும். சி7 மட்டும் ஏறியிருந்தா டிஸ்க்கை விட உள்ளே இருக்கிற டேட்டா கேபிளைச் சந்தேகப்படலாம். அந்த மென்பொருள் எண்களை இயல்பா பதினாறடிமானத்தில் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க, செட்டிங்கில் மாத்திக்கலாம்.

நான் கம்ப்யூட்டரை ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி, ஸ்மார்ட்டை மட்டும் பார்த்தேன். சி5 மஞ்சளில் இருந்தது. மறுபடி ஆஃப் பண்ணிட்டேன்.

ஏன் அவ்வளவு அவசரம்? 2007-ல் கூகுள் தன்னிடம் இருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. மேற்பரப்பை ஸ்கேன் பண்ணும்போது முதல் பிழை காட்டின டிஸ்க், பிழை காட்டாத டிஸ்க்கை விட, அடுத்த 60 நாளுக்குள் சாகிற வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் இருக்கு. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு: செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயிருக்கு. அதாவது ரிப்போர்ட் மஞ்சளா இருந்தா நம்புங்க. நல்லா இருந்தா மட்டும் முழுசா நம்பாதீங்க.

இந்த நிலையில் செய்யக் கூடாதது மூணு. மறுபடி மறுபடி காப்பி போடக் கூடாது. 'செக் டிஸ்க்' ஓட்டக் கூடாது, அது டிஸ்க்கைச் சரி பண்ணுகிறேன் என்று அதில் எழுத ஆரம்பிக்கும். கட்-பேஸ்ட் கூடவே கூடாது, காப்பி மட்டும்தான்.

டெவலப்பர் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம ரோபோகாப்பி நல்லதுன்னு போடுவோம். அதில் ஒரு ஃபைல் படிக்கலைன்னா எத்தனை தடவை முயற்சி பண்ணணும் என்று நீங்க சொல்லலைன்னா, அது 10 லட்சம் தடவை முயற்சி பண்ணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவில் 30 நொடி காத்திருந்து. கணக்குப் போட்டுப் பாருங்க, 347 நாள். ஒரே ஒரு கெட்ட ஃபைலுக்கு. முயற்சி 1, காத்திருப்பு 1 என்று நீங்களே எழுதிக் கொடுங்க.

சித்தப்பா கேட்ட கேள்வி

ஆஃப் பண்ணின கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தோம். "வேற காப்பி இருக்கா சித்தப்பா?" என்று கேட்டேன். இருந்தா அவர் ஏன் என்னைக் கூப்பிடப் போறார்.

அவர் பில்லைப் பற்றிக் கவலைப்படலை. "பில் ஆடிட்டர்கிட்ட இருக்கும். பெரியவர் போட்ட புரோகிராம் போயிடுமாடா?"

பெரியவர் என்றால் அங்கே பல வருஷம் செட்டரா இருந்தவர். தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், டூல் வாங்கப் போனா கன்னடம். மூணு வருஷம் முன்னால் இறந்துட்டார். மெஷின் புரோகிராமில் அடைப்புக்குறிக்குள் எழுதினதை மெஷின் கண்டுக்காது. அந்த இடத்தில் அவர் குறிப்பு எழுதி வச்சிருப்பார், இங்கிலீஷ் எழுத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து. இங்கே சத்தம் வந்தா ஃபீடைக் குறை. இந்த ஜாபுக்கு ரெண்டாவது கிளாம்ப் முதலில். இந்த மெட்டீரியல் கெட்டி, டூலைப் பார்த்து ஓட்டு. புதுசா வர்ற பசங்க அதைப் படிச்சுத்தான் ஜாபைக் கத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு ஃபைலும் சில கே.பி. தான். மொத்தம் ஒரு போட்டோ அளவுக்குக் கூட வராது.

அன்னிக்கு ராத்திரி நாங்க ஒண்ணுமே பண்ணலை. ஒண்ணும் பண்ணாம இருக்குறதுதான் கஷ்டமான வேலை.

அடுத்த நாள் ஆபீஸ் முடிச்சு, எஸ்.பி. ரோடு போய் இன்னொரு 1 டி.பி. டிஸ்க் வாங்கினேன். சித்தப்பா வாங்கினதை அழிக்கலை. அதில் ஏற்கனவே ஏறின 41 சதவீதமும் ஒரு காப்பிதானே. ராத்திரி ஷெட்டில், லைனில் லோடு இல்லாத நேரத்தில், லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரை ஏத்தி, டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். இது இலவச மென்பொருள், அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதியது. ஃபைல் ஃபைலா எடுக்காது, டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும். முதலில் நல்லா படிக்கிற இடத்தையெல்லாம் அள்ளிடும். தடுமாறுகிற இடத்தைக் குறிச்சு வச்சுட்டுத் தாண்டிப் போயிடும். கடைசியில்தான் திரும்பி வந்து அந்த இடங்களோடு மல்லுக்கட்டும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். நாம காப்பி போடுகிறதுக்கு நேர் எதிர். நாம முட்டின இடத்திலேயே முட்டிக்கிட்டு இருப்போம்.

ஒண்ணு சொல்லிடணும். டிஸ்க் 'டக், டக்' என்று அடிச்சுக்கிட்டு விண்டோஸில் தெரியவே இல்லைன்னா, அல்லது கீழே விழுந்த டிஸ்க்குன்னா, இதையெல்லாம் முயற்சி பண்ணாதீங்க. பவர் எடுத்துட்டு, டேட்டா மீட்பு லேபுக்குக் கொண்டு போங்க. செலவு ஆகும். ஆனா வீட்டில் நோண்டின டிஸ்க் அவங்க கைக்குப் போனா செலவும் கூடும், கிடைக்கிறதும் குறையும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடிஞ்சது. 500 ஜி.பி.யில் படிக்க முடியாமப் போனது 212 கே.பி. கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா எங்கே விழுந்திருக்கு என்பதுதான் கேள்வி. பிரதியில் ஓட்டை விழுந்த இடங்களில் ஒரு அடையாளச் சொல்லை நிரப்பி, அந்தச் சொல் எந்த ஃபைலில் இருக்குன்னு தேடினேன். 11 ஃபைல். நாலு பழைய ரிப்போர்ட். ரெண்டு டிராயிங். அஞ்சு, பெரியவரின் புரோகிராம்.

டிராயிங் ரெண்டும் கஸ்டமர் அனுப்பின மெயிலில் கிடைச்சது. புரோகிராம் மூணு எங்கே கிடைச்சது தெரியுமா? மெஷினுக்குள்ளேயே. ஆபரேட்டர் தம்பிதான் சொன்னான். "அண்ணா, அடிக்கடி ஓடுற ஜாபை நான் மெஷின் மெமரியில் இருந்து அழிக்கவே மாட்டேன்." பேக்கப் என்று யாரும் நினைக்காத ஒரு இடத்தில் பேக்கப் இருந்தது.

மீதி ரெண்டில் நடுப்பக்கம் காலி. இப்ப இருக்கிற செட்டர் ரெண்டு ஷிஃப்ட் உட்கார்ந்து, டிராயிங்கை வச்சு மறுபடி எழுதி, மெஷினில் ஓட்டிப் பார்த்து சரி பண்ணினார். ஜாப் ஓடுது. பெரியவரின் குறிப்பு அந்த ரெண்டில் இல்லை.

நான் போனில் சொன்னபடி மூணு தடவை மறுபடி போட்டதுதான் அந்த ரெண்டையும் கொன்னுச்சான்னு என்னால் சொல்ல முடியாது. முதல் தடவையே போயிருக்கலாம். ஆனா முதல் போனில் 'எங்கே நிற்குது' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தா, அந்த மூணு தடவை நடந்திருக்காது.

கடைசியா

காப்பி நின்னா, 'எப்படி வேகமாக்குறது' என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'இதுக்கு வேற காப்பி இருக்கா?' இருக்குன்னா, கேபிள் மாத்துங்க, போர்ட் மாத்துங்க, எத்தனை தடவை வேணும்னாலும் விளையாடுங்க. இல்லைன்னா, கையை எடுத்துட்டு யோசிங்க.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கின ஒரு கணக்கு உண்டு. 3-2-1. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்தில், ஒண்ணு வேற இடத்தில். சித்தப்பா ஷெட்டில் இப்ப மூணு இருக்கு: கம்ப்யூட்டரில் ஒண்ணு, அலமாரியில் ஒண்ணு, புரோகிராம் ஃபோல்டர் மட்டும் என் வீட்டில் ஒண்ணு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை போய் மாத்துறேன். சும்மா காப்பி போட்டு வர்றதில்லை. ஏதாவது அஞ்சு ஃபைலை அங்கேயே திறந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் இல்லை.

போன வாரம் அப்படித் திறந்தப்ப, ஒண்ணில் பெரியவர் எழுதியிருந்தார்: டீ குடிச்சுட்டு வந்து இதை ஓட்டு, அவசரப்படாதே.

இந்த எபிசோடைக் கேட்டுட்டு உங்க வீட்டிலோ கடையிலோ ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கிற ஒரு விஷயம் ஞாபகம் வந்தா, அதை முதலில் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.